ஒரு பிடி கல்

"சாவுடா!" என்று பல்லைக் கடித்தபடி கொத்தனார் சுத்தியலை ஓங்கி இறக்கினார். சிவப்பாகச் சிதறி அவர் முகத்திலும் பனியனிலும் தெறித்தது.

செங்கல்தான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அவர் கண்ணில் தெரிந்தது தங்கை புருஷனின் மண்டை.

அவருடைய பந்தயப் புறா மகாராணி காணாமல் போய் இன்றோடு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் தங்கை புருஷனான அந்தத் தையல்காரனின் புறாக்களை மண்ணைக் கவ்வ வைக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். "வலை போட்டுப் பிடிச்சவன் வேற எவன்?" என்று மூன்று நாளாகச் சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரும் இல்லை என்று சொல்லவில்லை.

கதவு தட்டும் சத்தம். தங்கை கையில் கிண்ணத்தோடு நின்றாள். அவள் அண்ணன் வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"அண்ணே, உன் புறாவுக்குப் போடுற கல்லுல ஒரு பிடி குடேன்."

பல் இல்லாத பறவைக்குத் தீனி அரைபட வயிற்றில் கல் வேண்டும். மற்றவர்கள் ஆற்றுமணலை அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். கொத்தனாரோ செங்கல், கிளிஞ்சல், அடுப்புக்கரி, உப்பு என்று எடை பார்த்துச் சேர்ப்பார். அந்த எடையைப் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. தன் புறாக்கள் அடுத்தவன் கல்லில் மூக்கு வைக்காது என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

"எதுக்கு?"

"ஒரு புறாவுக்கு உடம்பு சரியில்லண்ணே."

"எந்தப் புறா?"

அவள் பார்வை சுத்தியலுக்குப் போனது. பிறகு குப்பைத்தொட்டிக்கு. போன வாரம் இறக்கை ஒடிந்து திரும்பிய புறாவை அண்ணன் கழுத்தைத் திருகி அதில்தான் வீசினார் என்று ஊருக்கே தெரியும். கிண்ணத்தை மட்டும் நீட்டினாள்.

"புறாவை அமுக்குனது பத்தாதுன்னு இப்ப என் கல்லையும் ஆராய்ச்சி பண்ணப் போறானா உம் புருஷன்?" கிண்ணத்தைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அவள் தடுப்பதற்குள் சுத்தியலோடு தெருவில் இறங்கிவிட்டார். செங்கல் தூள் அப்பிய அந்த முகத்தைப் பார்த்ததும் தெருவே ஒதுங்கி வழிவிட்டது.

தையல்காரர் கடையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி நூல், மடியில் ஒரு புறா. முழுக்கத் துணி சுற்றி, ஊதா மருந்து பூசிய தலை மட்டும் வெளியே தெரிந்தது.

"வாங்க மச்சான், நானே உங்கள..."

மீதிப் பேச்சைக் கொத்தனாரின் குத்து வாயோடு உடைத்தது. இரண்டு பல் தரையில் உருண்டது. அடுத்த உதையில் தையல் மெஷின் சாய்ந்து, ஆளும் அதோடு விழுந்தார். ஏதோ சொல்ல வந்தார், ரத்தம்தான் வந்தது.

வேறு யாராக இருந்தாலும் தலையைக் காப்பாற்றிக்கொள்வார்கள். இந்த மனுஷன் புறாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குப்புறக் கவிழ்ந்தார்.

"அவ்வளவு ஒசத்தியா இது? இதை வச்சுத்தான் ஜெயிக்கப் போறியா?"

சுத்தியல் வலது கையில் இறங்கியது. விரல்கள் நொறுங்கின. இனி அந்தக் கையால் ஊசி பிடிக்க முடியாது என்பது அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. பிடி தளர்ந்தது.

கொத்தனார் புறாவைத் துணியோடு தூக்கினார். ஒரே திருகு.

"என் மகாராணி போன மாதிரி உன்னோடதும் போகட்டும்!"

தூக்கிப் போட்டார். மூன்று நாளில் முதல்தடவையாக அவர் நெஞ்சு லேசானது. நொறுங்கிய கையைப் பற்றிக் கவலைப்படாமல் தையல்காரர் அந்தத் துணி மூட்டையைப் பார்த்துத் தேம்பியது மட்டும் அவருக்குப் புரியவில்லை.

தங்கை மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாள். புருஷனைப் பார்த்தாள். கீழே கிடந்ததைப் பார்த்தாள். மண்டியிட்டு, சுற்றியிருந்த துணியை மெல்லப் பிரித்தாள். பருந்து கிழித்த நெஞ்சில் நெருக்கமான தையல், பாதியில் நின்றிருந்தது.

"உன் மகாராணிதாண்ணே... எங்க கல்ல இவ தொடவே இல்ல."