பின்சக்கரத்து ரப்பர்

“பின்னால வாங்க சார்! பின்சக்கரத்தைப் பாருங்க!”

வார்ஸினோ போட்ட சத்தத்தில், வாகனத் தகுதிச் சோதனைக்கு வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அடிப்பாகம் பார்க்கும் குழிமேல் நின்றுகொண்டிருந்தது அந்த மணல் லாரி. மெராப்பி எரிமலையடியிலிருந்து மணல் ஏற்றி வருகிற எத்தனையோ லாரிகளில் ஒன்று. ஆனால் இதன் எண் அவருக்கு இனிமேல் செத்தாலும் மறக்காது. மயக்கம் தெளிந்ததும் மகள் ரெட்னோ சொன்ன முதல் வார்த்தையே அந்த எண்தான்.

மோட்டார் சைக்கிளில் இதன் பின்னால் போயிருக்கிறாள். சக்கரம் கவ்வி எறிந்தது ஒரு கல்லை. கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும். இடது கண் இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“சக்கரத்துக்குப் பின்னால கல்லைத் தடுக்கிற ரப்பரே இல்லப்பா. ஒண்ணுமே தொங்கல.” கட்டுப் போட்ட முகத்தோடு அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வார்ஸினோ போலீசுக்குப் போனார். வண்டியை மறுபடி சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி லாரி முதலாளிக்கு உத்தரவு போயிற்று. என் கண் முன்னால்தான் சோதிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வந்திருந்தார். எதிர்ச்சாரியில், பலகையில் வெள்ளைச் சேவல் வரைந்த தன் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் படுத்த நாளிலிருந்து கடையை மச்சான்தான் பார்த்துக்கொள்கிறான்.

“என்னண்ணே, இன்னைக்கு முன்வாசல் வழியா?” என்று இளித்த காவலாளியை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தார்.

அதிகாரி குனார்த்தோ, போன மாதம்தான் வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். பொறுமைசாலி. “சொல்லுங்க” என்றார்.

“நான் என்ன சொல்றது? சட்டம் சொல்லுது! பின்சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் பின்னால ரப்பர் தொங்கணும். டயர் எவ்வளவு அகலமோ அதுக்கு ஒரு விரக்கடை குறையக்கூடாது. அச்சுக்குக் கீழ வரைக்கும் இறங்கணும். கிழிசல் இருக்கக்கூடாது. இதுல ஒண்ணாவது இருந்துச்சா இந்த வண்டியில? எப்படி சார் இதை ஊருக்குள்ள விட்டீங்க? எவன் சார் முத்திரை குத்தினான்?”

“சட்டம் என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியுது” என்றார் குனார்த்தோ. அதில் கிண்டல் இல்லை. “ஆனா கொஞ்சம் கண்ணால பாருங்க. ரப்பர் இருக்கே?”

இருந்தது. இரண்டு பக்கமும், கறுப்பாக, கனமாக, கிழிசல் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அதிகாரி நாடாவை எடுத்து அளந்தார். அகலம் சரி. இறக்கம் சரி.

வார்ஸினோவுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார்கள்!

“அன்னைக்கு இல்ல சார்! இன்னைக்கு உங்களுக்குக் காட்டுறதுக்காக மாட்டியிருக்கான்! நாளைக்குக் கழட்டி வீசிட்டு இன்னொருத்தி கண்ணைப் பிடுங்குவான்! இவனுகளுக்குப் பிள்ளைகுட்டி கிடையாதா? மனுசங்கதானா இவனுக?”

வரிசையில் நின்ற ஒரு கிழட்டு ஓட்டுநர் தலை குனிந்துகொண்டார்.

“இறங்கி வாப்பா” என்று குனார்த்தோ லாரியின் கதவைத் தட்டினார்.

ஓட்டுநர் இறங்கி வருவதற்குள் வார்ஸினோ சக்கரத்துக்குப் பின்னால் குந்தியிருந்தார். பொய்யை இழுத்து வெளியே போடாமல் விடுவதில்லை என்று ரப்பரைப் பற்றித் திருப்பினார்.

உள்பக்க மூலையில், வெள்ளைச் சாயத்தில், சின்னதாக ஒரு சேவல்.

அவர் கை அப்படியே நின்றது.

ஓட்டுநர் பக்கத்தில் வந்து குந்தினான். பயந்து வெளுத்திருந்த முகம், அவரைப் பார்த்ததும் மலர்ந்தது.

“அட, நீங்களாண்ணே!” குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அந்தப் பொண்ணோட அப்பன் வந்து கத்துறான்னு எவனோ சொன்னான், நான் உள்ளயே நடுங்கிட்டு உக்காந்திருந்தேன். முத்திரை விழுந்ததும் எப்பவும்போல ரப்பரைக் கழட்டிக் கடையில குடுத்துடுறேண்ணே. வாடகையைக் காலையிலயே உங்க மச்சான்கிட்ட குடுத்தாச்சு.”

வார்ஸினோ அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். தெரிந்த முகம்தான். போன சோதனைக்கும் வந்தவன், அதற்கு முந்தைய சோதனைக்கும் வந்தவன். வண்டிகளின் எண்ணை அவர் என்றைக்கும் பார்த்ததில்லை. டயரின் அகலத்தை மட்டும் கேட்டு, அதற்குத் தகுந்த ஜோடியை எடுத்துக் கொடுப்பார்.

“என்ன பெரியவரே, சரியா இருக்கா?” மேலேயிருந்து அதிகாரி கேட்டார். முத்திரை அவர் கையில் தயாராக இருந்தது.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடை பிழைத்துக்கொள்ளும்.

வார்ஸினோ ரப்பருக்கு மேலே கையை விட்டார். அங்கே இரண்டு கொக்கிகள் இருக்கும் என்று பார்க்காமலே தெரியும். முத்திரை விழுந்ததும் வாசலிலேயே நின்று சட்டென்று கழற்ற வேண்டும் என்று அவரே யோசித்து யோசித்து வளைத்த கொக்கிகள். கட்டைவிரலால் ஒரு நெம்பு நெம்பினார்.

ரப்பர் அவர் மடியில் வந்து விழுந்தது.

“ஏய்!” என்றார் குனார்த்தோ. “இது எப்படி... உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஓட்டுநர் குந்தியபடியே வாயைப் பிளந்தான். வார்ஸினோ ரப்பரை மார்போடு அணைத்தபடி எழுந்தார். லாரியை நோக்கி அத்தனை நேரம் ஆடிய அதே விரலை, வாசலுக்கு வெளியே நீட்டினார்.

எதிர்ச்சாரிக் கடையில், அடுத்த வண்டிக்கான ஜோடியை மச்சான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.