பத்தாவது படம்

ஞாயிறு காலைகளில் பால்கனிக்கு வரும் தேன்சிட்டைத் தையற்காரர் ஒன்பது படம் எடுப்பார். பிறகு பார்த்தால் கேமராவில் பத்து இருக்கும். அந்தப் பத்தாவது மட்டும் தாழ்வான இடத்திலிருந்து, கோணலாக எடுத்ததாக இருக்கும். கைப்பிடிக் கம்பி குறுக்கே விழுந்து சிட்டின் பாதியை மறைத்திருக்கும். ஆறு வயதில் காய்ச்சலில் போன மகள், அவர் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கி அப்படித்தான் எடுப்பாள். ஒன்றைக்கூட அவர் அழித்ததில்லை. மனைவியிடம் மட்டும் காட்டுவார்.

மகள் போன நான்காம் வருடம் ஒரு ஞாயிறு, மனைவி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"ஏங்க, கம்பியையே காணோமே? சிட்டு முழுசா விழுந்திருக்கு."

"கம்பிக்கு மேல இருந்து எடுத்திருக்கா."

"பத்து வயசாச்சுல்ல," என்றாள் மனைவி. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "வளந்துட்டா."

அவர் கேமராவின் கழுத்துவாரை ஒரு துளை தளர்த்தி, பால்கனி நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.