மூன்றாவது ரசம்

"இந்த டிரைவருக்கு வயிறுங்களா, வேற ஏதாவதுங்களா? இன்னும் தின்னு முடியலையே!"

கிணத்துக்கடவு கிளப்புக் கடை வாசலில் நின்று பொருமினார் பருத்தி வியாபாரி. பொள்ளாச்சி பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியாயிற்று. உள்ளே பந்தியில் மிச்சமிருந்தது இரண்டே பேர். டிரைவர் தம்பிதுரையும், கந்தப்பனும்.

கந்தப்பனுக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். இரண்டு நாளாக வெறும் கஞ்சி. இன்றுதான் சோற்றைக் கண்ணால் பார்க்கிறார். மூணணாவுக்குத் தட்டப்பயிறு குழம்பு, கொள்ளு ரசம், கெட்டி மோர்! ஆனால் ஒவ்வொரு வாயையும் ஈறாலேயே மசித்து விழுங்க வேண்டியிருந்தது. பஸ் கிளம்பினால் பாதி இலையோடு எழ வேண்டியதுதான்.

நல்லவேளை, டிரைவர் அவரைவிட மெதுவாகத் தின்றார்.

"பாப்பாயக்கா, இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்துங்க."

இது மூன்றாவது தடவை. கடைக்காரி பாப்பாயி ஊற்றினாள்.

வியாபாரி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏனுங்க பெரியவரே, பக்கத்துல ஒக்காந்திருக்கறீங்க, நீங்களாச்சும் சொல்லப்படாதுங்களா?"

பேச்சு தன் இலைப் பக்கம் திரும்பிவிடுமோ என்று கந்தப்பனுக்குப் பயம்.

"என்னத்தைச் சொல்றதுங்க! சில பேருக்கு வயிறே தாழியாட்டம் இருக்குதுங்க."

வெளியே கொல்லென்று சிரித்தார்கள். தம்பிதுரையும் தலை நிமிராமல் சிரித்துக்கொண்டார்.

ஒருவழியாக மோர்ச்சோற்றின் கடைசி வாயும் இறங்கியது. கந்தப்பன் இலையை மூடினார். அவர் எழுந்ததும் தம்பிதுரையும் எழுந்து கை கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

கந்தப்பனுக்கு வயிறும் மனசும் குளிர்ந்திருந்தன.

"நீ மவராசியா இருக்கோணும் அம்மணி. ரெண்டு நாள் பசி தீந்துபோச்சு."

"என்னைய எதுக்குங்க வாழ்த்தறீங்க?" இலை எடுக்க வந்த பாப்பாயி குரலைத் தணித்தாள். "அந்தண்ணன் ஊட்டுலயே வயிறு முட்டத் தின்னுபோட்டு வந்தவருங்க. உங்க வீங்குன கன்னத்தைப் பாத்துப்போட்டுத்தான் எலை போடச் சொன்னாரு. 'வையறவங்க என்னைய வையட்டுமுங்கக்கா, பெரியவரு எலையை மூடற வரைக்கும் எனக்கு ரசம் ஊத்தீட்டே இருங்க'ன்னாருங்க."