உடம்புச் சூடு

தவசியின் உடம்பில் ஒரு கிருமி குடியிருந்தது. வெளியூரில் அவர் தப்பு வழியில் போன இரவில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒன்றுக்குப் போகும்போது எரிந்ததும், டாக்டரிடம் போகக் கூசிய தவசி, மருந்துக் கடையில் ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி மாத்திரை வாங்கி விழுங்கினார்.

உள்ளே வந்த மாத்திரை கிருமியின் சொந்தபந்தத்தையெல்லாம் தீர்த்துக்கட்டியது. கிருமி மட்டும் குற்றுயிராய்க் கிடந்தது.

“நாளைக்கு என் தம்பி வருவான். உன்னை முடிச்சிடுவான்” என்று சொல்லிக் கரைந்தது மாத்திரை.

தம்பி வரவில்லை. எரிச்சல் குறைந்ததுமே தவசி மாத்திரையை நிறுத்திவிட்டார். கிருமி மெல்ல எழுந்தது. பிள்ளை பெற்றது. மாத்திரையின் அடியைத் தாங்கும் வித்தையைப் பிள்ளைகளுக்கும் பழக்கியது. குடும்பத்தோடு தவசியின் மனைவி பூரணத்திடமும் குடியேறியது.

அவளுக்கும் எரிந்தது.

“உனக்கும் சூடுதான்” என்று மீதி மாத்திரையை நீட்டினார் தவசி.

வந்த தம்பி மாத்திரை ஓங்கி அடித்தது. கிருமிக்கு வலிக்கவே இல்லை.

“எப்படிப் பிழைச்சே?” என்று திகைத்தது தம்பி.

“எல்லாம் அந்தப் புண்ணியவான் தயவு” என்று கண் கலங்கியது கிருமி. “அவரோட கூச்சம் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.”