சாம்பிள் எங்கே?

"சாம்பிள் எங்கடா?" பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாள் அக்கா.

"இருக்குக்கா," என்றான் தம்பி. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் அவனுக்குப் பெயரே கல்லுளிமங்கன்தான்.

அக்கா முதலாளி, தம்பி ஆராய்ச்சி, கூட இரண்டு பேர். அவ்வளவுதான் கம்பெனி. தலைமுடியை நீளவாக்கில் ஆயிரமாகப் பிளந்தால் எவ்வளவு மெல்லிசோ, அவ்வளவு மெல்லிய நானோ பூச்சைக் கண்ணாடியில் பூசி, அதில் எதிரொளியே விழாமல் செய்வது அவர்கள் தொழில். அதே வேலையில் ஒரு பெரிய கம்பெனியும் தலைதெறிக்க ஓடிவந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை அவர்கள் சந்தைக்கு வருகிறார்கள். இன்று வெள்ளி.

எதிரே உட்கார்ந்திருந்தவர் அருங்காட்சியகங்களுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்யும் நிறுவனத்தின் மேலாளர். அவருடைய ஆர்டர் கிடைத்தால் பிழைத்தார்கள். இல்லையென்றால் கடையைச் சாத்திவிட்டு, அக்கா அந்தப் பெரிய கம்பெனியிலேயே போய் வேலை கேட்க வேண்டியதுதான்.

அந்த இடம் முன்பு மருந்துக்கடை. உள்ளே பூச்சு நெடி தாங்காது என்று, வந்தவரைப் பழைய கவுண்ட்டருக்கு வெளியிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தான் தம்பி. கவுண்ட்டரின் மரச்சட்டத்தில், மருந்தும் சில்லறையும் கைமாற அடியில் சந்து விட்டு மாட்டியிருந்த கீறல் விழுந்த கண்ணாடியைக் காலையில்தான் கழற்றிப் போட்டிருந்தான். அக்காவுக்கு அதில் ஒரு சந்தோஷம். வருகிறவர் முகமாவது இனி தெளிவாகத் தெரியும்.

மேலாளர் பையிலிருந்து உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தார்.

"இது அவங்க குடுத்தது. சாய்ச்சுப் பாத்தா டியூப்லைட் லேசா நீலமாத் தெரியுது. குறைதான். ஆனா கையில இருக்கே. உங்களுது?"

அவர் குரல் அமுங்கிக் கேட்டது. பதற்றத்தில் தனக்குத்தான் காது அடைத்துவிட்டது என்று நினைத்தாள் அக்கா.

"தண்ணி குடிங்க சார்." அவள் டம்ளரை நீட்டப் போனாள். தம்பி அதை வாங்கி, கவுண்ட்டர் பலகை மேலேயே அவர் பக்கம் தள்ளிவிட்டான்.

"காட்டுடா சாருக்கு."

"காட்டிட்டுத்தான்க்கா இருக்கேன்."

மேலாளர் முகம் கறுத்தது. "தம்பி, வந்ததுலேருந்து நான் உங்க ரெண்டு பேர் முகத்தைத்தான் பாத்துட்டிருக்கேன்."

"பளிச்சுனு தெரியுதா சார்?"

"என்னது?"

"எங்க முகம்."

அக்காவுக்கு அவனை அங்கேயே நாலு சாத்துச் சாத்தலாம் போலிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறானே பாவி. ராப்பகலாய் உழைத்ததெல்லாம் இப்படிக் கண்ணெதிரே எழுந்து போகப் போகிறது.

"சார், அவனுக்கு விளையாட்டுப் புத்தி. பூச்சு நிஜமாவே தயாரா இருக்கு. ஒரு நாள் டைம் குடுங்க, நானே கொண்டு வந்து காட்டறேன்."

"எனக்கு டைம் இல்லம்மா. கண்ணால பாக்காத பொருளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? அவங்ககிட்டயே முடிச்சுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

மேலாளர் எழுந்தார். தம்பியைப் பார்த்தாள் அக்கா. அவன் சுவரில் சாய்ந்து, வருகிற சிரிப்பை அடக்குகிறவன் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். இவனைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவளும் எழுந்தாள். கண் கலங்கியது.

மேலாளர் நல்ல மனிதர். போகிற போதும் கைகுலுக்கிவிட்டுப் போவோம் என்று சட்டத்தின் வழியே கையை நீட்டினார். அவளும் நீட்டினாள்.

இரண்டு கைகளும் நடுவழியில் 'டொக்'கென்று எதிலோ முட்டி நின்றன.

மேலாளர் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். வெறும் அந்தரத்தில் அவருடைய விரல் ரேகைகள் மட்டும் வரிசையாக ஒட்டிக்கொண்டு நின்றன.

"இதான் சார் சாம்பிள். அக்காகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, அவ முகமே காட்டிக் குடுத்திருக்கும்," என்றபடி துடைக்கிற துணியை எடுத்தான் கல்லுளிமங்கன்.