குமட்டாத ஏலக்காய்

போடி ஏலக்காய்க் கிட்டங்கியின் கண்ணாடி ஓடு வழியே காலை வெயில் இறங்கி, காய் பொறுக்கும் பெண்களின் சுளகுகளில் விழுகிறது. மலையிலிருந்து ஜீப்பில் வந்த மூட்டைகளை அவிழ்த்ததும் நெடி குப்பென்று பரவுகிறது. நாள் தள்ளிப்போனதிலிருந்து அந்த நெடி பட்டாலே ஓங்கரித்துக்கொண்டு ஓடும் செல்லக்கிளிக்காக, எல்லோரும் வாசலோரத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். இன்று அவள் இடத்தைவிட்டு எழுந்து ஓடவேயில்லை. "மசக்கை தெளிஞ்சிருச்சு போல, ஆத்தா. இனிமே பயமில்ல. இந்தா, தின்னு," என்று பக்கத்தில் காய் பொறுக்கும் குருவம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டு வந்த மாங்காய்க் கீற்றைச் சிரித்தபடி அவள் கையில் வைக்கிறாள். விடிகாலையில் சேலையில் கண்ட உதிரத்தைச் செல்லக்கிளி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. "ஆமாக்கா," என்கிறாள். குருவம்மாள் திரும்பியதும், இரு கையாலும் சுளகிலிருந்த ஏலக்காயை அள்ளி, முகம் புதைத்து, மூச்சு முட்ட முகர்கிறாள். குமட்டவில்லை. மறுபடியும் அள்ளுகிறாள்.