முழுசா ஒரு வருசம்

மகனுக்குப் பெண் பார்க்கக் குண்டசாலையிலிருந்து கடுகண்ணாவைக்கு வந்திருந்த புஷ்பராணி, தேத்தண்ணியைக் கையில் வாங்குமுன்பே கேட்டுவிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. பொண்ணோட அப்பா குடிப்பாரா? குடிக்கிற வீட்ல நான் சம்பந்தம் வச்சுக்க மாட்டேன்."

அவள் கணவர் சந்தனம் கதிரை நுனியில் அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

பெண்ணின் அப்பா முத்துவேல் நெஞ்சை நிமிர்த்தினார். "குடிச்சவன்தான், மறைக்கல. ஆனா சாராயம் தொடாத நாள் இன்னையோட முந்நூத்தி அறுபத்தஞ்சு ஆகுது. முழுசா ஒரு வருசம்."

புஷ்பராணிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"ஒரு நாள் விடாம கலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன். காட்டவா?"

"காட்டுங்களேன்."

முத்துவேல் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு கட்டைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். ஒன்றல்ல, முப்பது கலண்டர்கள்.

புஷ்பராணி புரட்டினாள். மாதத்துக்கு ஒரே ஒரு சிவப்பு வட்டம். எல்லாமே பௌர்ணமிப் போயா நாளில்.

"போயா அன்னைக்கு நாடு பூராவும் சாராயக்கடை பூட்டுத்தானே. இந்த முப்பது வருசத்துல ஒரு போயாவுக்கும் நான் குடிச்சதில்லங்க" என்றார் முத்துவேல்.

புஷ்பராணி கைப்பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்தாள். "வாங்க, போவோம்."

சந்தனம் அசையவில்லை. கலண்டர்களின் மேல் குனிந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இந்தக் கணக்குப்படி பாத்தா, நான் குடிய விட்டு ஒன்றேகால் வருசம் ஆச்சு, சம்பந்தி."